பிரேக் பிடிக்காத விமானமும் 'குட்டி இளவரசன்' எழுதியவரும்

யூரோ வருவதற்கு முதல் பிரான்சில் இருந்த எங்கட ஆக்களுக்கு அந்த நீல நிற 50 பிராங்க் நோட்டு கட்டாயம் ஞாபகம் இருக்கும். 1993இல் புழக்கத்துக்கு வந்த நோட்டு அது. ஒரு பக்கத்தில் அகன்ற முகமுடைய ஒரு மனிதர், பக்கத்தில் சின்னதாக ஒரு பொடியன். மறுபக்கத்தில் பழைய காலத்து இரட்டைச் சிறகு விமானம். முதலில் அச்சடித்த நோட்டுகளில் அவருடைய பெயரின் ஒரு எழுத்துக்கு மேல் தேவையில்லாத ஒரு சின்னக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். பிறகு திருத்தி அச்சடித்தார்கள். சம்பளத்தை எண்ணி வாங்கின எங்களில் கனபேருக்கு அந்த மனிதர் யார், விமானம் ஏன் என்பதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இருக்கவில்லை.

அவர்தான் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. 'குட்டி இளவரசன்' எழுதியவர். அந்தப் புத்தகத்தை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி, 1981இல் க்ரியா வெளியிட்டது. உலகத்தில் அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட புத்தகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் எக்சுபெரி தன்னை முதலில் விமானி என்றும், பிறகுதான் எழுத்தாளர் என்றும் நினைத்தவர். அவருடைய வாழ்க்கையை அவர் எழுதிய புத்தகங்களை வைத்துச் சொல்லலாம். அவர் விழுந்து எழும்பிய விபத்துகளை வைத்தும் சொல்லலாம். நான் இரண்டாவது வழியில் போகிறேன். ஏனென்றால் அந்த விபத்துகளில் ஆகச் சின்னது ஒன்று, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாத ஒன்று, அவருடைய கடைசி வருடத்தைப் புரட்டிப்போட்டது. அதன் காரணம் எங்களுக்கும் உதவும்.

பறக்க ஆசைப்பட்ட பொடியன்

1900 ஜூன் 29ஆம் திகதி லியோன் நகரில் பிறந்தார். பழைய பிரபுக் குடும்பம். பெயர் பெரிது, காசு குறைவு. நாலு வயது முடிய முதலே தகப்பன் இறந்துபோனார். தாய் மரி ஐந்து பிள்ளைகளையும் உறவினர் வீடுகளின் ஆதரவோடு வளர்த்தார். 12 வயதில், விடுமுறைக்குப் போன இடத்துக்குக் கிட்ட இருந்த அம்பேரியு விமானத் திடலில், அம்மா சம்மதித்துவிட்டார் என்று பொய் சொல்லி முதல் தடவையாக வானத்தில் ஏறினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

படிப்பில் பெரிதாகச் சோபிக்கவில்லை. கடற்படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்றுப்போனார். 1921இல் கட்டாய இராணுவ சேவைக்கு ஸ்ட்ராஸ்பூர்க் போனபோது விமானப் படைப் பிரிவில் தரைவேலைதான் கிடைத்தது. சும்மா இருக்காமல் தனியாகக் காசு கட்டிப் பறக்கப் பழகினார். பிறகு மொரோக்கோவில் இராணுவ விமானிக்கான தகுதியையும் பெற்று, பாரிசுக்கு வடக்கே லு பூர்ஜே தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

லு பூர்ஜே எங்களுக்குப் புதிய இடமில்லை. ஆர்.ஈ.ஆர் பி ரயிலில் லா கூர்னவ் கழிந்தால் அடுத்த நிறுத்தம். எங்கட குடும்பங்கள் எத்தனையோ அந்தப் பக்கத்தில்தான் வாழ்கின்றன. அங்கேதான் 1923 மே மாதம் அவருடைய முதல் பெரிய விபத்து நடந்தது. தனக்குப் பழக்கமில்லாத ஒரு வகை விமானத்தை எடுத்து ஓட்டினார். விமானம் கீழே விழுந்தது. மண்டையோட்டில் முறிவு. காரணத்தைச் சுற்றி வளைத்துத் தேடத் தேவையில்லை. ஒரு விமானத்தில் பழகிய கை இன்னொரு விமானத்திலும் அதையே செய்தது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, இனிமேல் அடிக்கடி வரும்.

அப்போது அவருக்கு லூயிஸ் து வில்மொரின் என்ற பெண்ணோடு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டாருக்கு விமானம் ஓட்டும் மாப்பிள்ளை பிடிக்கவில்லை. காதலுக்காக விமானப்படையை விட்டார். ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதினார். பிறகு லொறி விற்கும் முகவராக ஊர் ஊராக அலைந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து ஒரே ஒரு லொறிதான் விற்றார் என்று சொல்வார்கள். கடைசியில் அந்தக் கலியாணமும் குழம்பிப்போனது. படித்தது ஒன்று, செய்யும் வேலை வேறொன்று என்று வெளிநாட்டில் காலம் தள்ளுகிற எங்களுக்கு இந்த இரண்டு மூன்று வருடம் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும்.

பிரேக் இல்லாத காலத்து விமானங்கள்

1926இல் துலூசில் லத்தேகோயர் என்ற தபால் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே பொறுப்பாளராக இருந்தவர் திதியே தோரா, கடும் கண்டிப்பான மனிதர். புதிதாக வரும் விமானிகளை உடனே பறக்க விடமாட்டார். முதலில் பட்டறை. இயந்திரத்தைக் கழற்று, கழுவு, பூட்டு. கையில் கிரீஸ் பிரண்ட பிறகுதான் ஆசனத்தில் ஏறலாம். தபால் நேரத்துக்குப் போகவேண்டும், பிழை விட்டவருக்குத் தண்டனை, சாட்டுச் சொல்ல இடமில்லை.

அந்தக் காலத்தில் அவர்கள் ஓட்டிய பிரெகே 14 விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 50 பிராங்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது அதுதான். முதலாம் உலகப் போர்க் காலத்து விமானம். விமானி திறந்த ஆசனத்தில், காற்றிலும் மழையிலும்தான் இருக்கவேண்டும். சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. வாலின் கீழே ஒரு கட்டை இருக்கும். இறங்கும்போது அந்தக் கட்டை மண்ணில் உரசி இழுபட்டு விமானத்தை நிறுத்தும். ஓடுபாதை என்று சீமெந்துப் பாதை இல்லை, புல்வெளி அல்லது மணல்தரை. வேகமும் குறைவு. இறங்குவது என்பது முழுக்கக் கைப்பழக்கம், உடம்புக்குத் தெரிந்த ஒரு வித்தை. எக்சுபெரி விமானியாக வளர்ந்தது இந்த விமானத்தில்தான்.

துலூசிலிருந்து ஸ்பெயின் வழியாக கசாபிளாங்கா, அங்கிருந்து டாக்கர் என்று தபால் போனது. 1927இல் சகாராக் கரையில் கேப் ஜூபி என்ற தளத்துக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் பாலைவனம். இயந்திரம் நின்று பாலைவனத்தில் இறங்கும் விமானிகளைத் தேடிப் பிடிப்பதும், அவர்களைச் சிறைபிடித்த பழங்குடியினரோடு கதைத்து மீட்பதும் அவருடைய வேலை. பதினெட்டு மாதம் அங்கே ஒரு மரக் குடிலில் இருந்தார். முதல் நாவலை அங்கேதான் எழுதினார். 1929இல் ஆர்ஜென்டினாவில் தபால் விமான சேவையின் பொறுப்பு கிடைத்தது. அங்கே சந்தித்த எல் சல்வடோர் நாட்டுப் பெண் கொன்சுவேலோவை 1931இல் மணந்தார். அதே வருடம் 'இரவு விமானம்' நாவலுக்குப் பெமினா பரிசு கிடைத்தது. பெயரும் புகழும் வந்த நேரம் நிறுவனம் நொடிந்துபோனது, வேலை போனது.

ஒன்றன் பின் ஒன்றாக

பிழைப்புக்காக, கடல் விமானங்களைப் பரிசோதித்து ஓட்டும் வேலைக்குப் போனார். 1933 டிசம்பரில் தென் பிரான்சில் சென்-ரபாயேல் விரிகுடாவில் ஒரு கடல் விமானத்தை இறக்கினார். கடல் விமானத்துக்குச் சக்கரம் இல்லை, மிதவைகள். தண்ணீரைத் தொடும்போது மூக்கு கொஞ்சம் மேலே தூக்கி இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் மிதவையின் நுனி தண்ணீரில் குத்தி விமானம் குப்புற விழும். அன்றைக்கு அதுதான் நடந்தது. தலைகீழாக மூழ்கிய விமானத்துக்குள் சிக்கி, உள்ளே தேங்கிநின்ற கொஞ்சக் காற்றைச் சுவாசித்து மயிரிழையில் தப்பினார். திரும்பவும் அதே கதை. தரையில் இறங்கிப் பழகிய கை, தண்ணீரிலும் தரையில் இறங்குவதுபோல இறக்கியது.

1935 டிசம்பர் 29, மறுபடியும் லு பூர்ஜே. பாரிசிலிருந்து சைகோன் வரை யார் வேகமாகப் போவது என்று 150,000 பிராங்க் பரிசு. கைச்செலவுக்கே தட்டுப்பாடான நேரம். இயந்திரவியலாளர் அந்திரே பிரெவோவோடு ஒரு சிறிய கோத்ரோன் சிமூன் விமானத்தில் புறப்பட்டார். பாரத்தைக் குறைப்பதற்காக ரேடியோவை விட்டுவிட்டுப் போனார்கள். ரேடியோ இல்லையென்றால் காற்று எந்தப் பக்கம், காற்றழுத்தம் என்ன என்று தரையில் இருந்து சொல்ல ஒருவரும் இல்லை. காற்றழுத்தம் தெரியாவிட்டால் உயரமானி காட்டும் உயரத்தையும் நம்பமுடியாது. நைல் ஆற்றைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து இரவில் முகிலுக்குக் கீழே இறங்கினார். ஆறு வரவில்லை, மேட்டு நிலம் வந்தது. முழு வேகத்தில் வயிறு தேய்த்துக்கொண்டு போய் விமானம் நொறுங்கியது. இரண்டு பேருக்கும் பெரிய காயமில்லை, ஆனால் குடிக்கத் தண்ணீரும் இல்லை. நாலாம் நாள், சாகும் நிலையில் இருந்தவர்களை ஒட்டகத்தில் வந்த ஒரு பெதுவின் காப்பாற்றினார். பாலைவனத்தில் விழுந்த விமானியைக் கதைநாயகனாக்கி அவர் பிறகு எழுதியதற்கு இந்த நாலு நாள்தான் விதை.

1938 பெப்ரவரியில் நியூயோர்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தெற்கு முனை வரை பறக்கத் திட்டம். வழியில் குவாத்தமாலா நகரில் எரிபொருள் நிரப்பினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் உயரத்திலுள்ள ஊர், காற்று அடர்த்தி குறைவு, அதனால் சிறகுக்குத் தூக்கு விசையும் குறைவு. விமானமோ அளவுக்கு மிஞ்சிய பாரம். ஓடுபாதை முடிந்தும் அது எழும்பவில்லை. காலன் கணக்கில் வந்த குழப்பம் என்று ஒரு விளக்கம் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கக் காலன் 3.79 லீற்றர், பிரித்தானியக் காலன் 4.55 லீற்றர். எந்தக் காலன் என்று கேட்காமல் அடித்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடிப்போகும். எக்சுபெரிக்கு உடம்பு முழுக்க முறிவுகள், பல நாள் நினைவில்லை. இடது கையை வெட்டவேண்டி வருமோ என்று வைத்தியர்கள் யோசித்தார்கள். கை தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கையை முழுதாகத் தூக்கமுடியவில்லை, தலையை வடிவாகத் திருப்பவும் முடியவில்லை.

லா மார்சாவில் நிற்காத விமானம்

போர் வந்தது. வயது கூடினாலும் உடம்பு ஏலாவிட்டாலும் விடாப்பிடியாக 2/33 என்ற உளவு விமானப் பிரிவில் சேர்ந்து 1940இல் பறந்தார். பிரான்ஸ் விழுந்தது. அந்த வருடக் கடைசியில் நியூயோர்க் போய் இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். ஆங்கிலம் படிக்க விருப்பப்படாமல், புலம்பெயர்ந்த பிரெஞ்சுக்காரர் தங்களுக்குள்ளே பிரிந்துநின்று ஒருவரை ஒருவர் துரோகி என்று ஏசிக்கொண்டதைப் பார்த்து நொந்துபோய் இருந்தார். (இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.) தெகோல் பக்கமும் சேரவில்லை, விசி பக்கமும் சேரவில்லை, இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்கினார். அங்கே இருந்துதான் 'குட்டி இளவரசன்' எழுதினார். 1943 ஏப்ரலில் அது வெளிவந்த கையோடு வட ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினார். பழைய படைப்பிரிவோடு திரும்பவும் பறக்கவேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்தப் பிரிவு இப்போது அமெரிக்கரின் கட்டளையில், அமெரிக்க ஜனாதிபதியின் மகன் எலியட் ரூஸ்வெல்ட்டின் பொறுப்பிலிருந்த உளவு விமானப் படையோடு சேர்ந்து இயங்கியது. விமானமும் அமெரிக்க விமானம், பி-38 லைட்னிங். இரண்டு இயந்திரம், இரட்டை வால். துவக்குகளைக் கழற்றிவிட்டு மூக்கில் கமராக்களைப் பொருத்தியிருந்தார்கள். 10,000 மீற்றர் உயரத்தில் ஒருவர் தனியாக, ஒட்சிசன் முகமூடியோடு போகவேண்டும். அந்த விமானத்தை ஓட்ட வயது எல்லை 30. அவருக்கோ 43. தானே பறப்பு உடையைப் போடமுடியாது, இரண்டு பேர் பிடித்து உடுத்திவிடவேண்டும். ஏழு வாரம் பயிற்சி எடுத்தார். ஜூலையில் தெற்குப் பிரான்சின் மேலாகப் போய்ப் படமெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பினார்.

ஆகஸ்ட் 1, இரண்டாவது பறப்பு. இயந்திரத்தில் கோளாறு தெரிந்து துனிசுக்குக் கிட்ட உள்ள லா மார்சா தளத்துக்குத் திரும்பிவந்தார். சக்கரங்கள் ஒழுங்காகத் தரையைத் தொட்டன. ஆனால் விமானம் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்து, அதற்கு அங்கால் மரஞ்செடிக்குள் போய் உடைந்து நின்றது. அவருக்கு ஒன்றுமில்லை, தானே இறங்கி நடந்துவந்தார்.

காரணம் என்ன? இயந்திரக் கோளாறு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், சில இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இயந்திரக் கோளாறு அவரைத் திரும்பி வரவைத்தது, அவ்வளவுதான். தரையைத் தொட்ட விமானத்தை நிறுத்துவது பிரேக்கின் வேலை. அந்த விமானத்தின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. இறங்கும்போது அந்த அழுத்தத்தைப் பம்ப் அடித்து ஏற்ற அவர் தவறிவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதோடு வேகம் சேர்ந்தால் கணக்கு பொல்லாதது. நிறுத்தவேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தில் கூடும். பத்து வீதம் கூடிய வேகத்தில் இறங்கினால் 21 வீதம் கூடிய சக்தியைப் பிரேக் தின்னவேண்டும். பிரேக்கே இல்லையென்றால் ஓடுபாதை எவ்வளவு நீளமாக இருந்தும் என்ன பயன்?

விமானி பிழை என்று அமெரிக்கர் முடிவெடுத்தார்கள். அது சரியும்தான். ஆனால் அந்தப் பிழை எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் கதை பின்னுக்குப் போகிறது. பிரேக் இல்லாத பிரெகே 14இல் வளர்ந்த மனிதர். அவருடைய உடம்புக்குத் தெரிந்த இறக்கத்தில் பம்ப் என்ற ஒன்றே கிடையாது. ஏழு வாரப் பயிற்சி மூளைக்குப் போகும், கைக்குப் போய்ச் சேர வருடங்கள் வேண்டும். ஒரு இயந்திரம் பழுது, உடம்பு வலி, ஒட்சிசன் முகமூடியோடு இருந்த களைப்பு, அவசரம், இவ்வளவும் சேர்ந்த நேரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். கோழைக்கும் போகும், வீரனுக்கும் போகும். லு பூர்ஜேயிலும் சென்-ரபாயேலிலும் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. பறப்பின்போது வாசிப்பார், எழுதுவார், கவனம் சிதறுகிறவர் என்று அவருடைய சொந்த நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

இதனால்தான் விமானிகள் அச்சடித்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்து இறங்குகிறார்கள். சக்கரம், எண்ணெய் அழுத்தம், பிரேக், வேகம். முப்பது வருட அனுபவம் உள்ளவரும் வாசிக்கவேண்டும். ஞாபகசக்தியில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. களைத்த நேரத்தில் ஞாபகம் எந்த வருடத்துக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது, அதுதான் காரணம்.

தடையும் தயவும்

விபத்துக்குப் பிறகு, இனிமேல் பறக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். வயதும் எல்லை தாண்டிவிட்டது. அடுத்த எட்டு மாதமும் அல்ஜியர்சில் ஒரு நண்பரின் வீட்டு அறையில் முடங்கினார். குடித்தார், எழுதினார், கடிதம் மேல் கடிதம் போட்டார், கண்ட அதிகாரியை எல்லாம் பிடித்துக் கெஞ்சினார். நவம்பரில் இருட்டில் படியில் விழுந்து முதுகெலும்பையும் நோகடித்துக்கொண்டார். தபால் காலத்துக் கூட்டாளிகளில் மெர்மோஸ் 1936இலும் கியோமே 1940இலும் விமானத்தோடு போய்விட்டார்கள். பறக்காத எக்சுபெரி யார் என்று அவருக்கே தெரியவில்லை. முந்திய விபத்துகளில் எலும்புதான் முறிந்தது, லா மார்சாவில் மனிதனே முறிந்தார்.

பிறகு நண்பர்கள் உதவினார்கள். 1944 வசந்தத்தில் மத்தியதரைக்கடல் நேசநாட்டு விமானப்படைகளின் தளபதி ஜெனரல் ஐரா ஈக்கர் வரைக்கும் விடயம் போய், ஐந்து பறப்புக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. சார்டினியாவில் படைப்பிரிவோடு திரும்பவும் சேர்ந்தார். ஐந்து ஐந்தோடு நிற்கவில்லை. இடையில் இயந்திரக் கோளாறுகள். 44வது பிறந்தநாளன்று ஒரு இயந்திரம் நின்று, எதிரியின் கையிலிருந்த வட இத்தாலியின் மேலாகத் தட்டுத்தடுமாறி வந்துசேர்ந்தார்.

அவரை நேசித்தவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. நேரே சொன்னால் கேட்கமாட்டார், தடை போட்டால் செத்துவிடுவார். படைப்பிரிவின் தலைவர் ஒரு வழி யோசித்தார் என்று வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது. தெற்குப் பிரான்சில் நேசநாட்டுப் படைகள் தரையிறங்கப்போகும் இரகசியத்தை அவருக்குச் சொல்லிவிடுவது. அந்த இரகசியம் தெரிந்த எவரையும் எதிரியின் நிலத்துக்கு மேலாகப் பறக்க விடக்கூடாது என்பது விதி. ஏலாதவர் என்று ஒதுக்கப்பட்டதாக இருக்காது, முக்கியமானவர் என்று வைத்திருப்பதாக இருக்கும். மரியாதையும் கெடாது, உயிரும் தப்பும்.

திட்டம் ஒரு நாள் பிந்திவிட்டது. 1944 ஜூலை 31 காலை, கோர்சிகாத் தீவின் போர்கோ தளத்திலிருந்து புறப்பட்டுப் போனவர் திரும்பவில்லை. மதியத்துக்குப் பிறகு எரிபொருள் முடிந்திருக்கும் நேரமும் கடந்தது. தரையிறக்கம் ஆகஸ்ட் 15இல் நடந்தது. 54 வருடம் கழித்து, 1998இல், மார்செய்க்குக் கிட்ட ஒரு மீனவரின் வலையில் அவருடைய பெயர் பொறித்த வெள்ளிக் கைச்சங்கிலி அகப்பட்டது. பிறகு கடலடியில் விமானத்தின் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டு, 2004இல் தொடர் இலக்கத்தை வைத்து அது அவருடையதுதான் என்று உறுதிசெய்தார்கள். ஏன் விழுந்தது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. 2008இல் ஒரு ஜெர்மன் முன்னாள் விமானி நான்தான் சுட்டேன் என்றார். எடுத்த துண்டுகளில் குண்டு துளைத்த அடையாளம் தெரியவில்லை. அந்தத் துண்டுகள் இப்போது லு பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் முதன்முதல் மண்டை உடைத்த அதே இடம்.

எங்களுக்கு என்ன?

ஒரு பெரிய மனிதரின் பிழையைக் கதைப்பது அவரைக் குறைப்பது என்று எங்களில் ஒரு எண்ணம் இருக்கிறது. விபத்து நடந்தால் விதி என்போம், அல்லது ஒரு ஆளைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போவோம். இரண்டுமே அடுத்த விபத்தைத் தடுக்காது. பம்ப் அடிக்கவில்லை என்று சொல்வதால் 'குட்டி இளவரசன்' ஒரு பக்கம்கூடக் குறையாது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால்தான் பயன்.

ஊரில் வீதியின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கையோடு வந்து, இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறோம். சாதாரண நாளில் பிழையில்லை. இரண்டு வேலை முடித்து அதிகாலை நாலு மணிக்கு, வெறும் வீதியில் சந்தி திரும்பும்போது கை எந்த நாட்டுக்குப் போகும்? வாடகைக்கு எடுத்த வேறு வானில் சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது? புது இயந்திரத்துக்கு முன்னால் நின்று பழைய இயந்திரத்தின் பொத்தானைத் தேடும்போது? அனுபவம் உண்டு என்பது அந்த நேரத்தில் காவல் இல்லை, அதுதான் ஆபத்து. ஒரு நிமிடம் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மற்றது, எங்கட தகப்பன்மார். எண்பதுகளில் வந்து, தனியாக உழைத்து, லைசென்ஸ் எடுத்து, முழுக் குடும்பத்தையும் காரில் ஏற்றி இறக்கியவர்கள். இப்போது எழுபது தாண்டிவிட்டது. கழுத்து திரும்பாது, இரவில் கண் கூசுகிறது. கார்த் திறப்பை வாங்கி வைக்கப் பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை, வாங்கினால் மனுசன் அப்படியே ஒடுங்கிவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, அல்ஜியர்ஸ் அறையில் எக்சுபெரிக்கு நடந்தது அதுதான். அதற்காகத் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கடவுளைக் கும்பிடுவதும் சரியில்லை.

அமெரிக்கர் போட்ட தடை சரியான தடை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஓடாதே என்று சொன்னவர்கள், இனி என்ன செய்யலாம் என்று ஒரு வேலையும் கொடுக்கவில்லை. பிறகு தயவு பார்த்தவர்கள், ஐந்து என்ற எல்லையைக்கூடக் காக்கவில்லை. கடைசியில் அந்தப் படைத்தலைவர் யோசித்ததுதான் ஆகத் திறமான வழி. நிறுத்தவேண்டிய மனிதருக்கு, நிறுத்திய பிறகும் தான் வேண்டப்பட்டவர் என்று தெரியும்படி ஒரு இடம் கொடுப்பது. அப்பாவிடம் திறப்பை வாங்கும்போது பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போகும் பொறுப்பைக் கொடுக்கலாம். சங்கத்தில் கணக்கைப் பார்க்கச் சொல்லலாம், கார் பழகும் பேத்திக்குப் பக்கத்தில் இருந்து வழி சொல்லச் சொல்லலாம். அந்தக் கதையை இன்றைக்கே தொடங்கினால் நல்லது. போர்கோவில் ஒரு நாள்தான் பிந்தியது.